மனநோய் மருந்தும் இல்லத்துக் காவலும்

(புதுச்சத்திரத்தில் நடைபெற்ற நம் சங்க மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் சங்கக் கூட்டங்களிற் கல்வி நிதி, மாணவர் விடுதி, கலியாணச் செலவைக் குறைத்தல் முதலியவற்றைப் பேசுவது வழக்கம். இன்று எமக்கு அளிக்கப்பெற்ற பொருள் அவற்றினின்றும் வேறானது. மனநோய்க்கு மருந்து உண்போரை வீட்டில் எங்ஙனம் பேணுவது, அம்மருந்தினால் தீங்கு நேராவண்ணம் எங்ஙனம் கண்காணிப்பது என்பதே அது. இப்பொருளை நோட்டீஸில் அச்சிட்டால் கூட்டத்திற்கு ஒருவரும் வாரார் என்று அன்பர் ஒருவர் அஞ்சினாராம். அவ்வச்சமே இதனைப் பேசுவதற்குப் போதிய காரணமாகும் என்று யாம் கருதினோம். இங்கே நிறைந்திருக்கும் தாய்மார்களைப் பார்க்குங்கால், அவ்வன்பர் இவர்களைக் குறைத்து மதித்துவிட்டார் என்றே தோன்றுகின்றது.

நம்மவர் உழைப்பாளிகள். உடம்புக்கு வரும் நோயை வெளியிற் சொல்லக் கூசாத இவர்கள், மனத்துக்கு வரும் நோயை மட்டும் அண்டை வீட்டுச் சுவருக்கும் தெரியாமல் மறைத்துவிடுகின்றனர். ஒரு பிள்ளைக்குச் சித்தம் கலங்கிற்றென்றால், அவன் தங்கையைப் பெண் கேட்டு இனி யார் வருவர் என்ற கவலையே முதலில் எழுகின்றது. ஆதலின் சேலத்திற்கோ ஈரோட்டிற்கோ ஒருவரும் அறியாமல் அழைத்துச் சென்று, மாத்திரை வாங்கி வந்து, அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்துக் கொடுக்கின்றனர். கொடுத்ததோடு கடமை தீர்ந்தது என்றும் எண்ணுகின்றனர். மாத்திரையை மறைக்கும் வீட்டில் அம்மாத்திரையின் பின்விளைவும் மறைவாகவே நிகழும். கண்டவர் சொல்லார், கேட்க வேண்டியவர்க்குத் தெரியாது.

சித்தப்பிரமை கண்டவரைக் காவிரிக் கரையிலுள்ள குணசீலத்திற்கு அழைத்துச் சென்று, பிரசன்ன வேங்கடாசலபதி சந்நிதியில் 48 நாள் தங்கவைத்தல் நம் பக்கத்தார் பலருக்கும் வழக்கம். அந்நம்பிக்கையை யாம் குறை கூறோம். தெய்வத்தை வேண்டும் நாவிற்கு மாத்திரை விழுங்குவதில் தடையொன்றும் இல்லை. ஆயின் நம்பிக்கையின் பெயரால் மனிதரைக் கட்டிவைத்த கொடுமையும் நம் நாட்டில் நிகழ்ந்தது. இராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில், 2001-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 6-ஆம் தேதி விடியற்காலையில், தனியார் மனநோய் விடுதி ஒன்றன் கொட்டகை தீப்பற்றியபொழுது, சங்கிலியாற் பிணிக்கப்பட்டிருந்த நோயாளர் ஓட மாட்டாமல் 28 பேர் மாண்டனர். பின்னர் 2017-ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம், எவ்வகையாலும் எவரையும் சங்கிலியிடலாகாது என்று விதித்தது. சங்கிலியிருந்த இடத்தில் இன்று மருந்து வந்திருக்கின்றது. இது பெருநன்மை. ஆயினும் மருந்தானது சங்கிலியைப்போற் பூட்டிவிட்டு மறந்துபோகத் தக்கதன்று. அதனை நாடோறும் பார்த்துக்கொண்டிருத்தல் வேண்டும்.

இம்மருந்துகளின் சரித்திரமே இவ்வுண்மைக்குச் சான்று பகரும். நம் நாட்டுச் சர்ப்பகந்தி வேரைப் பித்துக்கும் இரத்த அழுத்தத்துக்கும் கொடுத்துக் கண்டதைக் கல்கத்தாவைச் சேர்ந்த கணநாத சேனும் கார்த்திக சந்திர போஸும் 1931-இல் எழுதி வெளியிட்டனர். அதன் சத்தை 1952-இற் பிரித்தெடுத்து உலகெங்கும் வழங்கலாயினர். மூலிகைதானே, என்ன செய்துவிடும் என்போர் இதனைக் கேட்க வேண்டும்: அளவு மிஞ்சினால் அது இரத்த அழுத்தத்தைத் தாழ்த்தி ஆளைச் சாய்த்துவிடும். அதே 1952-இல் பாரீஸ் நகரில் குளோர்புரோமசின் என்னும் மருந்து மனநோய்க்கு வழங்கப்பட்டு, அதன்பின் இவ்வினத்து மருந்துகள் பல தோன்றின. இவையெல்லாவற்றினும் நம் கவனத்துக்கு உரியதாக யாம் கருதுவது லிதியம் என்பது. உற்சாக வெறியும் ஆழ்ந்த சோர்வும் மாறிமாறி வரும் நோய்க்கு அது தலையாய மருந்து.

லிதியம் ஒருவகை உப்பு. ஆஸ்திரேலியா தேசத்து வைத்தியர் ஜான் கேடு என்பவர் அதனை வெறிநோயாளர்க்குக் கொடுத்துக் கண்ட பயனை 1949-இல் வெளியிட்டார். பல வருஷம் அடைபட்டுக் கிடந்தவர் சிலர் அதனாற் சித்தம் தெளிந்தனர். அதே வருஷத்தில் அமெரிக்காவில், இருதய நோயாளர்க்குச் சாப்பாட்டு உப்புக்குப் பதிலாக லிதியம் உப்பை விற்கப்போய், உண்டவருட் சிலர் மாண்டனர். அரசாங்கம் அதனைக் கடைகளினின்றும் விலக்கிற்று. கேடு அவர்களின் முதல் நோயாளியும், அம்மருந்தால் தெளிவு பெற்றவராயினும், 1950-இல் அதன் நஞ்சினாலேயே இறந்தார். உயிர் கொடுத்ததும் அதுவே, உயிர் வாங்கியதும் அதுவே. பின்னர் மெல்போர்ன் நகரத்து ஆராய்ச்சியாளர் இரத்தத்தில் லிதியம் எவ்வளவு இருக்கின்றதென அளந்து கொடுக்கும் வழியைக் காட்டினர். அளக்கத் தொடங்கிய பின்னரே அது அச்சமின்றிக் கையாளத்தக்க மருந்தாயிற்று. இன்றைக்கும் நெடுநாள் உண்போர்க்கு லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை என்பது பெரும்பாலும் கொள்ளப்படும் அளவு. 1.5-ஐக் கடந்தால் நஞ்சின் குறிகள் தோன்றும். மருந்துக்கும் நஞ்சுக்கும் இடையே உள்ள வரப்பு அத்துணைக் குறுகியது.

இனி இந்த வரப்பை நம் புதுச்சத்திரத்து வெயிலில் வைத்துப் பார்ப்போம். நம் சிறுநீரகம் சாப்பாட்டு உப்பையும் லிதியத்தையும் ஏறக்குறைய ஒன்றாகவே பாவிக்கும். உடம்பில் உப்பும் நீரும் குறைந்தால், இருப்பதை விடாமற் பற்றிக்கொள்ள வேண்டும் என்று அது உப்பைத் தேக்கும். உடன் லிதியத்தையும் தேக்கிவிடும். சித்திரை வைகாசியில் மரவள்ளிக் காட்டிற் களை வெட்டுகிறவர், செங்கற் சூளையில் நிற்கிறவர், சவ்வரிசி ஆலைக் களத்திற் காய வைக்கிறவர் எவ்வளவு வியர்வை சிந்துகிறார் என்பது உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மாசி மாதத்திலும் சித்திரை மாதத்திலும் அவர் உண்பது அதே இரண்டு மாத்திரை. இரத்தத்தில் நிற்கும் அளவோ வேறு. வயிற்றுப்போக்கு ஒருநாள் கண்டாலும் அவ்வாறே. நேர்த்திக்கடனுக்காக உப்பை நீக்கி விரதம் இருந்தாலும் அவ்வாறே. இரத்த அழுத்தம் என்று கேட்டு ஒரே நாளில் உப்பை நிறுத்திவிடுவோரும் உண்டு; அதுவும் தீது. லிதியம் உண்பவர் உப்பைக் கூட்டவும் வேண்டா, குறைக்கவும் வேண்டா. ஒரே சீராக உண்டு, நீராகாரமும் மோரும் தண்ணீரும் தாராளமாகக் குடித்துவர வேண்டும்.

இதனினும் பெரிய அபாயம் மருந்துக்கடையில் இருக்கின்றது. மேல்வலி, இடுப்புவலி என்று சொல்லி, நம்மவர் சீட்டின்றி மாத்திரை வாங்கி விழுங்குகின்றனர். ஐபுபுரூபென், டைக்ளோபினாக் முதலிய வலி மாத்திரைகள் லிதியத்தை உடம்பில் தேக்குவன. இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் மாத்திரைகளிலும் சில அத்தன்மையன. ஆகவே எந்த வைத்தியரிடம் எந்த நோய்க்குச் சென்றாலும், 'இவர் லிதியம் சாப்பிடுகிறார்' என்ற சொல்லை முதலிற் சொல்லுதல் வேண்டும். வெட்கத்தினால் அதனை மறைப்பவர், உயிரைப் பணயம் வைத்து மானத்தைக் காப்பவர் ஆவர்.

நஞ்சு ஏறுவதை எங்ஙனம் அறிவது? லேசான விரல் நடுக்கம் லிதியம் உண்போர் பலருக்கும் உண்டு. அதனால் அஞ்ச வேண்டா. கை பெரிதாக ஆடி டம்ளர் தண்ணீர் சிந்துமாயின், வாந்தியும் பேதியும் தொடருமாயின், நாக்குக் குழறி, நடை தள்ளாடி, சொன்னதையே சொல்லுவாராயின், அது நஞ்சின் குறி. இங்கே ஒன்று கவனிக்க: இக்குறிகள் அனைத்தும் குடித்தவன் குறிகளே. மாலைப் பொழுதில் தள்ளாடி வரும் மகனைப் பார்த்து, குடித்துவிட்டு வந்தான் என்று திண்ணையிலே படுக்கவிட்டுக் கதவைச் சாத்தினால், காலையில் என்னாகும் என்பதைச் சொல்ல எமக்கு நா எழவில்லை. வாயிற் சாராய நாற்றம் உண்டா என்று பாருங்கள்; இல்லையாயின், அடுத்த வேளை மாத்திரையைக் கொடாமல், சீட்டையும் மாத்திரைப் பட்டையையும் கையில் எடுத்துக்கொண்டு அன்றிரவே ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள். நாற்றம் இருந்தாலும் ஐயம் தீராதாயின் புறப்படுவதே நலம்.

லிதியம் அளவைப் பார்க்க இரத்தம் எடுப்பதற்கும் ஒரு முறை உண்டு. முந்தின இரவு உண்ட மாத்திரைக்குப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து, காலை மாத்திரையை உண்ணாமல், இரத்தம் கொடுக்க வேண்டும். நம்மவரோ சோதனைக்குப் போகிறோமே என்று காலையில் மாத்திரையைத் தவறாமல் விழுங்கிவிட்டுப் பஸ் ஏறுகின்றனர்! கிடைக்கும் கணக்குப் பொய்க்கணக்காய் முடிகின்றது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிறுநீரகத்தையும் தைராய்டுச் சுரப்பியையும் சோதிப்பதும் இதனோடு சேர்ந்தது.

நம் ஜில்லாவார்க்கு இவ்விஷயத்தில் சாக்குச் சொல்ல இடமில்லை என்போம். கோழிப்பண்ணை வைத்திருக்கும் அன்பர்கள் இங்கே பலர் இருக்கின்றீர்கள். கொட்டகைக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு, இன்று தீவனம் எத்தனை கிலோ, முட்டை எத்தனை, செத்தது எத்தனை என்று நாள் தவறாமல் எழுதுகின்றீர்கள். வெயில் ஏறினால் கூரைமேல் தண்ணீர் தெளிக்கின்றீர்கள். முட்டையிற் சிறிது குறைந்தாலும் கால்நடை வைத்தியரைத் தேடி ஓடுகின்றீர்கள். பெற்ற பிள்ளைக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போட்டீர்களா? இரவு எத்தனை மணி உறங்கினான், மலம் கழிந்ததா, கை ஆடிற்றா, பட்டையில் மாத்திரை எத்தனை மீதி, வேறு என்ன மாத்திரை வாங்கி உண்டான் என்று நாளுக்கு இரண்டு வரி எழுதினாற் போதும். மாதம் ஒருமுறை எடை. வைத்தியர் முன்னே ஐந்து நிமிஷம் நின்று 'பரவாயில்லைங்க' என்று சொல்லித் திரும்புவதினும், அந்நோட்டை நீட்டுவது நூறு மடங்கு பயன் தரும்.

இனி, காதிற் குரல் கேட்டல், வீண் சந்தேகம் முதலியவற்றுக்குக் கொடுக்கும் மருந்துகளைப் பற்றிச் சிறிது கூறுவோம். இவற்றைத் தொடங்கிய முதல் சில நாளில், சிலருக்குத் திடீரெனக் கழுத்து ஒருபுறம் திருகிக்கொள்ளும். கண்விழி மேலே செருகும். நாக்கு வெளியே இழுக்கும். பார்ப்போர் நடுங்குவர். கருப்பு அடித்தது, பேய் பிடித்தது என்று உடுக்கைக்காரரை அழைப்போரும் உண்டு. அது மருந்தினால் நேர்ந்த தசைப் பிடிப்பு. தக்க ஊசி ஒன்று போட்டால் விரைவில் நீங்கும். வேறு சிலருக்கு உள்ளே ஒரு பரபரப்பு உண்டாகி, உட்கார மாட்டாமல் இரவெல்லாம் வாசலுக்கும் புழக்கடைக்கும் நடப்பர். நோய் முற்றிவிட்டது என்று எண்ணி, வீட்டார் தாமே ஒரு மாத்திரையைக் கூட்டிக் கொடுப்பர். பரபரப்பை விளைத்ததே அம்மருந்தாதலால், கூட்டக் கூட்ட அது மிகும். பொறுக்கமாட்டாமல் உயிரை விடத் துணிபவரும் உண்டு. நோயாளி 'உள்ளே என்னவோ பண்ணுகிறது' என்று சொன்னால் அதைப் பைத்தியப் பேச்சு என்று தள்ளாதீர்கள். அவர் தம் உடம்பைப் பற்றிச் சொல்லும் சொல் அது. கடுங்காய்ச்சலுடன் உடம்பு மரக்கட்டைபோல் விறைத்து நினைவு தடுமாறினால், அது அரிதாக வருவது, ஆனால் உயிரை வாங்குவது. நேரத்தைப் போக்காமல் பெரிய ஆஸ்பத்திரி சேர்க.

இம்மருந்துகள் சில வியர்வையைக் குறைக்கும். உடன் கொடுக்கும் நடுக்க மாத்திரையும் அத்தகையதே. ஆகவே உச்சி வெயிலில் இவர்களை வயலில் நிறுத்தலாகாது. சிலவற்றால் பசி மிகுந்து உடம்பு பருக்கும், சர்க்கரையும் ஏறும். மகன் தேறிவிட்டான், நன்றாகச் சாப்பிடுகிறான் என்று தாய் மகிழும் அந்நாளிலேயே எடையும் இடுப்புச் சுற்றளவும் குறித்துவைக்க வேண்டும்; மருந்து தொடங்குமுன் ஒருமுறை, மூன்றாம் மாதம் ஒருமுறை, பின் வருஷந்தோறும் சர்க்கரை பார்க்க வேண்டும். குளோசபின் என்பது வேறு மருந்துகளுக்கு இணங்காத நோயைத் தணிப்பது. 1975-இல் பின்லாந்து தேசத்தில் அதனை உண்டவருள் எண்மர், இரத்தத்தின் வெள்ளணுக்கள் அற்றுப்போய் இறந்தனர். அதன்பின் முதல் பதினெட்டு வாரம் வாரந்தோறும் இரத்தம் பார்த்துக் கொடுக்கும் முறை பல நாடுகளில் ஏற்பட்டது. அதனை உண்பவருக்குக் காய்ச்சலோ தொண்டைப் புண்ணோ கண்டால், கஷாயம் வைத்துப் பார்ப்போம் என்று இராமல் அன்றே வெள்ளணுக் கணக்குப் பார்க்க. மலச்சிக்கலையும் அற்பமாக எண்ணற்க. இம்மருந்தில் அதனால் உயிர் போனதும் உண்டு.

நாமக்கல் லாரிக்குப் பேர்போன ஊர். இவ்வழியே செல்லும் நெடுஞ்சாலையில் நம் பிள்ளைகள் ஓட்டும் வண்டிகள் எத்தனை! தூக்கம் தரும் மருந்தைப் புதிதாகத் தொடங்கியவரும், அளவு மாற்றப்பட்டவரும் வைத்தியர் சரி என்னும்வரை வண்டியிலும் போர் போடும் எந்திரத்திலும் கை வைக்கலாகாது. கூலி போகுமே என்று மாத்திரையை நிறுத்திவிட்டு வண்டி ஏறுவதும் தகாது. சிலவகைத் தூக்க மாத்திரைகளைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரும்.

மனச்சோர்வுக்குக் கொடுக்கும் மருந்து குணம் காட்ட இரண்டு முதல் நான்கு வாரம் செல்லும். முன்னதாகக் கை கால்களுக்குச் சுறுசுறுப்பு வந்து, மனத்துயரம் பின்தங்கி நிற்பதுண்டு. இளவயதினரிடத்து, அந்த இடைவெளியிற் சாவு நினைவு மிகக்கூடும் என்பதால், அமெரிக்க அரசாங்கம் 2004-இல் மருந்தின் விவரக் குறிப்பிலேயே கட்டமிட்ட எச்சரிக்கை பொறிக்கச் செய்தது. அவ்வாரங்களிற் பிள்ளையைத் தனியே விடாதீர்கள். மாத மாத்திரை முழுவதையும் அவர் கையிற் கொடாமல் சில நாளைக்குரியதை மட்டும் வெளியே வைத்து மற்றதைப் பூட்டி வையுங்கள். அதே பூட்டு பூச்சிமருந்துக்கும் வேண்டும். தோட்டத்துக் கொட்டகை மூலையில் அது திறந்து கிடக்கும் வீட்டில், மாத்திரையைப் பூட்டி என்ன பயன்?

கலியாண விஷயத்துக்கு வருவோம். நம் சங்கத்தில் இதனைப் பேசாமல் வேறெங்கே பேசுவது? மருந்து உண்ணும் பெண்ணுக்கு அதனை மறைத்து மணம் முடிப்பர். மணமானபின் புகுந்த வீட்டார் கண்ணிற் படாதிருக்க அவள் மாத்திரையை நிறுத்துவாள். சில மாதத்தில் நோய் திரும்பும். அல்லது ஒளித்து உண்பாள், கரு உண்டாகும். வால்புரோயேட் என்னும் மருந்தைக் கர்ப்பத்தில் உண்டால், பிறக்கும் குழந்தைகளில் நூற்றுக்குப் பத்துக்கு அங்கக் குறையும், முப்பது முதல் நாற்பதுக்கு அறிவு வளர்ச்சிக் குறையும் நேர்வதாகக் கண்டிருக்கின்றனர். கருவுறுமுன்னரே வைத்தியரைக் கலந்து வேறு மருந்துக்கு மாற்றிக்கொள்ள வழி உண்டு. ஒளித்து உண்பவள் யாரைக் கலப்பாள்? ஆகவே ஒளிவு மறைவினால் நஷ்டம் அடைவது பெண் மட்டும் அன்று, பேரனும்கூட. இதனை மாமியார்மார் மனத்திற்கொள்ள வேண்டுகிறோம்.

காவல், காவல் என்கின்றோமே, காப்பவர் யார்? பெரும்பாலும் ஒரு தாய், அல்லது ஒரு மனைவி. பகலெல்லாம் தறியிலோ காட்டிலோ உழைத்து, இரவும் விழித்திருக்கிறவள். மருத்துவமனையிற் செவிலியர் முறை மாற்றிக்கொண்டு செய்யும் வேலையை இவள் முறை மாறாமல் வருஷக்கணக்காகச் செய்கின்றாள். நம் சங்கத்தார் பணம் கொடுப்பதினும், வாரத்துக்கு ஒருநாள் உறவினர் ஒருவரை அவ்வீட்டில் இருக்கச் செய்து, அவளை உறங்கவிடுவது பெரிய உபகாரம் என்பது எம் எண்ணம். ஐயம் நேர்ந்தால் கேட்க, அரசாங்கம் 2022-ஆம் வருஷம் அக்டோபர் 10-ஆம் தேதி தொடங்கிய 14416 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி இருக்கின்றது. மருந்தின் பின்விளைவு இன்னது என்று கேட்டறியும் உரிமையையும் 2017-ஆம் வருஷத்துச் சட்டம் நோயாளிக்கும் அவர் நியமித்த பிரதிநிதிக்கும் அளித்திருக்கின்றது. வைத்தியரைக் கேட்கக் கூச வேண்டா.

கடைசியாக ஒன்று. கூட்டத்திற்கு முன் தாயார் ஒருவர் எம்மைத் தனியே அழைத்து, 'பையன் மாத்திரை வேண்டாம் என்கிறான். இட்லி மாவிலோ சாம்பாரிலோ பொடித்துக் கலந்து கொடுக்கலாமா?' என்று வினவினார். அவர் பட்ட துயரத்தை யாம் அறிவோம். ஆயினும் கலக்க வேண்டா, அம்மா. தான் என்ன உண்கிறோம் என்று அறியாதவன் வலி மாத்திரையும் வாங்குவான், விரதமும் இருப்பான், லாரியும் ஓட்டுவான், தலை சுற்றினால் ஏன் என்றும் அறியான். ஒருநாள் கண்டுகொண்டானாயின் உங்கள் கைச்சோற்றையும் உண்ண மாட்டான். சந்தேகமே அவன் நோயாயின் அது மெய்யாகவே ஆகிவிடும். ஏன் வேண்டாம் என்கிறான் என்று முதலிற் கேளுங்கள். நாக்குத் தடிக்கிறதா, உடம்பு பருக்கிறதா, பகலெல்லாம் தூங்கி வழிகிறதா என்று கேட்டு, அவன் சொல்லும் காரணத்தை அவனையே நோட்டில் எழுதச் சொல்லுங்கள். அதனோடு வைத்தியரிடம் போனால், அளவைக் குறைக்கவோ மருந்தை மாற்றவோ இடமுண்டு. அவன் இசைந்தால், நாடோறும் உண்ணும் மாத்திரைக்குப் பதிலாக இரண்டு வாரத்துக்கு ஒருமுறையோ மாதம் ஒருமுறையோ போடும் ஊசியும் உண்டு. நாமக்கல் ஆஸ்பத்திரிக்குச் செல்லும் நாளை அவனைக் கேட்டே குறியுங்கள். துணைக்கு ஆள் வேண்டுமாயின் சங்கக் காரியதரிசியிடம் சொல்லுங்கள், யாமும் உடன் வருகின்றோம்.